வெட்டுக்கிளியின் இருபத்தெட்டாவது வெட்டு

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் பிறந்தது. அதை எழுதியவன் நானேதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எங்காவது நான் நல்லவனாகத் தெரிந்தால் நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது.

கடிதம் இப்படிப் போனது:

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, நம் குடியிருப்பின் முற்றத்தில் இருக்கும் ஆப்பிள் மரத்தை, கிளை கழிக்க வந்த பெண்மணி கண்டபடி வெட்டிச் சிதைத்துவிட்டார். இரண்டாம் மாடியிலிருந்து நான் எண்ணியவரை இருபத்தேழு கிளைகள் போய்விட்டன. ரோஜாச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்திருக்கிறார். சுவரோரப் பந்துப்பூச் செடிகளிலோ காய்ந்த பூக்களைக்கூடக் கிள்ளவில்லை. விட வேண்டியதை வெட்டி, வெட்ட வேண்டியதை விட்டிருக்கிறார்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மறுநாளே செயலாளரிடமிருந்து பதில் வந்தது.

"இத்தனை வருஷமா எழுதறீங்க," என்றாள் என் மனைவி. "உடனே பதில் வந்த முதல் எழுத்து இதுதான்."

பதிலைப் பிரித்தேன். மரம் இனித் தேறாது என்று நான் சுட்டிக்காட்டியதற்கு நன்றி. அதை அடியோடு அகற்றிவிட்டு, அங்கே இரண்டு கார் நிறுத்த இடம் அமைக்கலாம் என்று குழு கருதுகிறது. கிளை கழித்தவரை மேற்கொண்டு வேலைக்கு அழைக்காமலிருப்பது பற்றியும் பேசப்படும். ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கூட்டம்.

மரம் தேறாது என்று நான் எங்கே சொன்னேன்? மரத்தைக் காப்பாற்றத்தானே எழுதினேன்? கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். சொல்லவில்லைதான். ஆனால் அப்படி எடுத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு எல்லா வசதியும் செய்து கொடுத்திருந்தேன்.

2

கதையாக எழுத உட்கார்ந்தபோது தொடக்கங்கள் இப்படி வந்தன.

பனி ஒரு வெள்ளைப் போர்வையைப் போல முற்றத்தை—

வேண்டாம். அன்று பனியே பெய்யவில்லை. குளிர்காலம் என்று எழுத ஆரம்பித்தாலே கை தானாகப் பனியை அள்ளிக் கொட்டுகிறது. அன்று இருந்தது வறட்டுக் குளிர். தரை கல்லாக இறுகிக் கிடந்தது. மூச்சு விட்டால் புகை.

அவள் மரங்களோடு பேசுகிறவள் என்பதை முதல் நாளே—

பொய். மரத்தோடு அவள் பேசி நான் பார்த்ததில்லை. ஏணியைத்தான் திட்டுவாள்.

யோசித்துப் பார்த்தால், எழுதுவதும் கிளை கழிப்பதும்—

இந்த ஒப்புமைக்காக நீங்கள் இரண்டாவது பத்தியிலிருந்தே காத்திருப்பீர்கள். நானும் ஆசையாகத்தான் வைத்திருந்தேன். அவளிடமே சொல்லியும் பார்த்தேன். கையுறையைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டாள். "நீங்க அடிச்ச வரியை மறுபடி எழுதிக்கலாம்ல சார்?" என்றாள். அதோடு அது செத்தது.

3

இனி அவள்.

நாற்பத்து நாலு வயது. ஒடிசலான உடம்பு, நீளமான கைகள். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பட்டப்பெயர் வெட்டுக்கிளி. கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளோ சிவப்புப் பெயிண்டை எடுத்து ஏணியிலேயே எழுதிக்கொண்டாள்: "வெட்டுக்கிளி. தொடாதே."

எங்கள் முற்றத்துக்கு அவள் வந்தது காலை ஒன்பது மணிக்கு. ஏணியைச் சுவரில் சாய்த்தாள். பிறகு முக்கால் மணி நேரம் எதுவும் செய்யவில்லை. மரத்தைச் சுற்றி வந்தாள், நின்றாள், குந்தி உட்கார்ந்து கீழிருந்து பார்த்தாள். (பால்கனியிலிருந்து நான் அப்போது நினைத்தது: நேரத்தைக் கடத்துகிறாள்.)

பதினைந்து வருஷமாக அந்த மரத்தின் மேல் யாரும் கை வைக்கவில்லை என்பது அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே கிளைமேல் கிளை ஏறி, காற்று நுழைய இடமில்லாமல், பிரிக்க முடியாத சிக்குத் தலையாகக் கிடந்தது. இலை இருக்கிற காலத்தில் இதெல்லாம் மறைந்துவிடும். குளிர்காலத்தில்தான் மரம் உள்ளதை உள்ளபடி காட்டும். பட்டுப்போன கிளை எது, நோய் பிடித்தது எது, ஒன்றோடொன்று உரசிப் பட்டை கிழிந்தது எது, எல்லாம் தெரியும். அதோடு மரம் தூக்கத்திலும் இருக்கும்.

'மூணு குளிர்காலம் ஆகும்,' என்று கணக்குப் போட்டாள். ஒரே வருஷத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் மரம் மிரண்டுபோய், கோடையில் காய்க்காத குச்சிகளாக வானத்தைப் பார்த்துத் துளிர்த்துத் தள்ளும். பழைய மரத்தை அவசரப்படுத்தக் கூடாது.

பிறகுதான் ஏறினாள். மடக்கு ரம்பத்தை விரித்தாள். நோய்க்கிளை ஒன்றை அறுத்து முடித்ததும் சட்டைப்பையிலிருந்து ஸ்பிரிட் துணியை எடுத்து ரம்பத்தின் பல்லைத் துடைத்தாள், ஒரு கிளையின் நோய் இன்னொன்றுக்குப் போகாமலிருக்க. அன்று முழுக்க அந்தத் துணி எத்தனை தரம் வெளியே வந்ததோ, நான் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டியது அதைத்தான்.

[இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்களுக்கு: பாதி, பின்னால் அவளே சொன்னது. மீதி நான் இட்டுக்கட்டியது. இந்தப் பக்கங்களை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். "குந்தி உட்காரல சார், மண்டி போட்டேன்." நான் மாற்றவில்லை. அவள் குந்தி உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.]

4

பிற்பகல் நாலு மணிக்கு, மரத்தின் பின்பக்கம், சுவரை ஒட்டிய கிளை. முழங்கைப் பருமன்.

முறைப்படிதான் ஆரம்பித்தாள். முதலில் அடியில் ஒரு சிறு வெட்டு. அடுத்து, கொஞ்சம் தள்ளி மேலிருந்து. கிளையின் கனம் பட்டையைக் கிழிக்காமல் சுத்தமாக முறிந்து விழுந்தது. மிச்சம் ஒரு சாண் கட்டை. அதை எடுப்பதுதான் கடைசி வெட்டு.

கிளை மரத்தோடு சேருகிற இடத்தில் ஒரு மடிப்பு இருக்கும். பருத்த கழுத்தில் விழுகிற மடிப்பு மாதிரி. தொழிலில் அதற்குக் காலர் என்று பெயர். அதற்கு வெளியே அறுத்தால் மரம் தானே காயத்தைச் சுற்றிப் புதுப்பட்டை வளர்த்து மூடிக்கொள்ளும். உள்ளே போனால் மூடுகிற சதையையே வெட்டிவிட்டதாக ஆகும். அவளுக்குத் தெரியாததில்லை. பதினெட்டு வருஷமாக ஆயிரக்கணக்கான காலர்களை ஒதுக்கி அறுத்தவள்.

ரம்பத்தின் இழுப்பு மாறியது. கை நின்றது. அதற்குள் கட்டை கீழே விழுந்துவிட்டது.

ஒரு விரல் அகலம் உள்ளே போயிருந்தது.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏணியில் அப்படியே நின்று, கையுறையைக் கழற்றி, வெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. ஒட்ட வைக்கிற காரியமா இது? இறங்கினாள். குச்சிகளைக் கட்டினாள். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஏன் நடந்தது? கதைக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று நான் மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். மகளின் தேர்வுக் கவலை. மணிக்கட்டு வலி. மூன்றாவது, எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது: அன்று ஏறக்குறைய அதே நேரத்தில்தான் நான் பால்கனிக் கதவைத் திறந்து, "போதும்மா, மரத்தை விடு!" என்று கத்தினேன்.

அவளிடமே கேட்டேன். "நான் கத்தினதுல கை தடுமாறிடுச்சா?"

"கத்தினீங்களா? எப்ப?" என்றாள் ஆச்சரியமாக. "காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டிருந்தேன் சார். ஒண்ணும் கேக்கல."

"அப்ப எதனால?"

"வெளிச்சம் போயிட்டிருந்துச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணு, முடிச்சுட்டுப் போயிடலாம்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

5

கூட்டத்துக்கு வரச் சொல்லி அவளுக்கும் செயலாளர் தகவல் அனுப்பியிருந்தார், என் பெயரை மட்டும் மறைத்துக் கடிதத்தின் நகலோடு. அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஞாயிறு காலை அவருக்கு வேலை இல்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே டீ குடித்தாள்.

"ரோஜாவுக்கு என்ன பதில் சொல்லுவே?"

"புதுக் குச்சியிலதான் பூக்கும், அதான் வெட்டினேன்னு சொல்லுவேன்."

"அந்த இன்னொரு செடிக்கு?"

"அது போன வருஷக் குச்சியில பூக்கறது. மொட்டு இப்பவே உள்ள இருக்கு. காஞ்ச பூதான் அதுக்குக் குளிருக்குக் குல்லா."

"அப்புறம் என்ன? எல்லாத்துக்கும் பதில் இருக்கே. ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?"

அவள் சுவர்ப்பக்க வெட்டைப் பற்றிச் சொன்னாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல. பின்பக்கம். எண்ணினவரும் இருபத்தேழுதான் எண்ணியிருக்காரு."

"அப்ப நீயா எதுக்கு வாயைத் திறக்கப் போறே? ஏற்கெனவே உன்னை எப்ப விரட்டலாம்னு பார்த்துட்டிருக்காங்க."

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "அடுத்த வருஷம் அதே மரத்துல ஏணி போட்டு ஏறணும். அந்த வெட்டு என் மூஞ்சிக்கு நேரா இருக்கும்."

"ஏற விட்டாத்தானே?"

அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் முடிவு செய்திருக்கவில்லை என்று என்னிடம் சொன்னாள். அதை நான் நம்புகிறேன். முன்பே முடிவு செய்து வைத்திருந்ததாக எழுதினால் அவள் இன்னும் உயர்ந்து தெரிவாள், ஆனால் அது அவள் இல்லை.

6

தரைத்தள அறையில் பதினெட்டு வீட்டுக்காரர்கள் கூடியிருந்தார்கள். மடக்கு நாற்காலிகள். ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வியர்த்தது, கதவுப் பக்கம் இருந்தவர்கள் நடுங்கினார்கள். செயலாளர் என் கடிதத்தைக் கணீரென்று படித்தார். நல்லவேளை, "ஒரு குடியிருப்பாளர்" என்று மட்டும் சொன்னார். என் அருமையான கடைசி வாக்கியத்துக்கு இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

வெட்டுக்கிளி எழுந்தாள். ரோஜாவுக்குப் பதில் சொன்னாள். பந்துப்பூவுக்குப் பதில் சொன்னாள். மரத்துக்கு மூன்று குளிர்காலம் வேண்டும் என்றாள். பேச்சில் அலங்காரம் எதுவும் கிடையாது. பேசி முடித்து உட்காரப் போனவள், உட்காரவில்லை.

"கடிதத்துல இருபத்தேழுன்னு இருக்கு," என்றாள். "இருபத்தெட்டு. அந்த இருபத்தேழும் சரியான வெட்டு. எங்க வேணும்னாலும் சொல்லுவேன். எண்ணாம விட்ட அந்த ஒண்ணுதான் தப்பு. வாங்க, காட்டறேன்."

கோட்டை மாட்டிக்கொண்டு எல்லோரும் பின்னாலேயே போனோம். மரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் ஒருவராகத்தான் நுழைய முடிந்தது. பதினெட்டுப் பேரும் வரிசையில் நின்று, அவள் விரல் வைத்துக் காட்டிய அந்தக் காயத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். உண்மையைச் சொன்னால், அவள் சொல்லியிராவிட்டால் எங்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. மற்ற வெட்டுகளைவிட அதுதான் வழவழவென்று அழகாக இருந்தது.

"அப்ப மரம் செத்துடுமா?" என்றார் செயலாளர்.

"சாகாது. மத்தது மூடிக்கற மாதிரி இது சீக்கிரம் மூடாது. மூடாமலேயும் போகலாம். தண்ணி உள்ள இறங்கினா நடுவுல அழுகல் பிடிக்கும்."

"பாருங்க, அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க!" என்று செயலாளர் எங்கள் பக்கம் திரும்பினார். கார்கள் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருப்பதுபோல ஒரு பூரிப்பு அவர் முகத்தில்.

அப்போது மூன்றாம் மாடிப் பல் டாக்டர் சுவர்ப்பக்கத்திலிருந்து வெளியே வந்தார். கடைசியாகப் போனவர் அவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் இருபத்தாறு வருஷமா பல்லு பிடுங்கறேன்," என்றார். "தப்பான பல்லைப் பிடுங்கிட்டேன்னு தானா வந்து சொன்ன டாக்டரை நான் பார்த்ததே இல்ல. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். என் ஓட்டு இந்த அம்மாவுக்கு."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கையுறையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

7

வாக்கெடுப்பில் நான் என்ன செய்தேன் என்பதற்கு என்னிடம் இரண்டு வரைவுகள் இருக்கின்றன.

முதல் வரைவு: எழுந்து நிற்கிறேன். "அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். அதைத் திரும்பப் பெறுகிறேன்." அமைதி. அவள் என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். ஒன்றரைப் பக்கம் போகிறது. நன்றாகவே வந்திருந்தது.

இரண்டாவது: என் ஷூ நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் இருக்கட்டும், இந்த அம்மாவே தொடரட்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றபோது என் கை மேலே போனது. அதுவாகப் போனதா, மனைவி முழங்கையில் இடித்ததால் போனதா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

பத்துக்கு எட்டு. மரம் நின்றது. அவளும் நின்றாள்.

கடிதம் என்னுடையது என்று வசந்த காலத்தில்தான் அவளிடம் சொன்னேன். ஒரு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டு.

"தெரியும் சார்," என்றாள். "இருபத்தேழுன்னு கரெக்டா எண்ண உங்க பால்கனியில இருந்துதான் முடியும்."

"கோபம் இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா மத்தவங்க சும்மா 'நிறைய'ன்னு சொல்லியிருப்பாங்க. நீங்க எண்ணவாவது செஞ்சீங்க."

8

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவள் ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். பாத்திரம் இப்படி இருந்தால் வாசகர் கொட்டாவி விடுவார். அதனால் கொஞ்ச நாள் அவளிடம் குறை தேடினேன்.

கிடைத்தது. போன் எடுக்க மாட்டாள். எடுத்தாலும் "உம்" என்பதோடு சரி. நாத்தனார் வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில், வாசல் கொடி கண்ணை உறுத்துகிறது என்று, யாரையும் கேட்காமல் பையிலிருந்த கத்தரியை எடுத்துக் கழித்துவிட்டாள். அந்த வருஷம் கொடி பூக்கவில்லை. நாத்தனாரோடு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேக்காம வெட்டினது தப்புன்னு ஒத்துக்கிட்டேன். ஆனா வெட்டு சரி. அதையும் சொன்னேன். அதுலதான் சண்டை."

குறை தேடப் போனவன், இதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் மயங்கித்தான் திரும்பினேன். என்னைத் திருத்த முடியாது.

அந்தக் கோடையில் ரோஜாக்கள் மார்பளவு எழுந்தன. பந்துப்பூக்கள் குழந்தைத் தலை அளவுக்கு உருண்டு நின்றன. ஆப்பிள் மரம் கொஞ்சமாகத்தான் பூத்தது. செயலாளர் அந்தப் பூக்களைத் தினமும் எண்ணினார். அவள் கணவர் ஓட்டும் பேருந்து எங்கள் தெரு வழியாகப் போகும். சில நாள் அவள் அதிலிருந்து இறங்கி, நேராகச் சுவர்ப்பக்கம் போவாள். காயத்தின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பாள். மேல் பாதியில் உதடு மாதிரி புதுப்பட்டை திரண்டிருந்தது. கீழ்ப் பாதி, வெட்டிய அன்று இருந்தபடியே வெறுமையாக இருந்தது. அடுத்த பேருந்தில் ஏறிப் போய்விடுவாள். வேலை என்று அங்கே ஒன்றும் இல்லை. யாரும் வரச் சொல்லவுமில்லை.

9

இரண்டாவது குளிர்காலம். முதல் வாரம், பிற்பகல். ஏணியைப் பிடித்துக்கொள்ள நானே வலியப் போனேன். "தொடாதே" என்ற எழுத்தின் மேல்தான் கை வைக்க வேண்டியிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு ஏறினாள்.

காலையிலிருந்து பதினாறு வெட்டு. எல்லாம் காலருக்கு வெளியே. பதினேழாவதில் நின்றுவிட்டாள்.

"சார், மேல பாருங்க. இந்த ரெண்டும் உரசுது. ஒண்ணு போகணும்."

பார்த்தேன். இரண்டு கிளைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போயின. உரசிய இடத்தில் இரண்டுக்கும் பட்டை தேய்ந்திருந்தது.

"வெயில் பக்கம் போற இது நல்ல கிளை. மூட்டு உறுதி. காய்க்கிற மொட்டு நிறைய இருக்கு, வர்ற வருஷமே காய்க்கும். யாரைக் கேட்டாலும் இதைத்தான் வைக்கச் சொல்லுவாங்க."

"அந்த இன்னொண்ணு?"

"சுவர்ப்பக்கம் போறது. மெலிசு. மூட்டு ஒடுக்கம், பெருங்காத்து அடிச்சாப் பிளந்தாலும் பிளக்கும். ஆனா அந்தக் காயத்துக்கு நேர் மேல இருக்கு. அதுல இலை இருந்தாத்தான் அந்தப் பக்கம் சத்து இறங்கும். இருந்தா காயம் மூட வாய்ப்பு உண்டு. எடுத்துட்டா மூடாதுன்னே வச்சுக்கலாம்."

"அப்ப மெலிசை வைங்க. மரத்துக்கு அதானே நல்லது?"

அவள் ரம்பத்தை மடக்கினாள், விரித்தாள்.

"மரத்துக்கு நல்லதா, எனக்கு நல்லதான்னு தெரியல சார். என் தப்பு மூடணும்கறதுக்காக ஒரு நல்ல கிளையை எடுக்கறேனோன்னு காலையிலேர்ந்து யோசிக்கறேன். வேற மரமா இருந்தா எப்பவோ அறுத்துட்டு இறங்கியிருப்பேன். இதுல என் கண்ணை என்னால நம்ப முடியல. நீங்க சொல்லுங்க."

பதினெட்டு வருஷம் தொழில் செய்தவள் என்னைக் கேட்கிறாள்.

இதற்கும் முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் மெலிந்த கிளையை வைக்கிறாள், நாலு வருஷத்தில் காயம் மூடுகிறது. இன்னொன்றில் அதையே வைக்கிறாள், புயலில் கிளை பிளந்து பட்டையோடு காயத்தையும் கிழித்துக்கொண்டு போகிறது. வேறொன்றில் வெயில் பக்கக் கிளையை வைக்கிறாள். மரம் கூடை கூடையாகக் காய்க்கிறது, உள்ளே மெல்ல அழுகிக்கொண்டே. மூன்றையும் என்னால் நம்பும்படி எழுத முடிகிறது. அதுதான் பிரச்சினை. நம்பும்படி எழுதி ஒரு மரத்தைக் கிட்டத்தட்டச் சாகடித்தவன் நான். இன்னொரு முறை என் வாக்கியத்தை நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

உங்களுக்கு இந்த மரத்தில் பங்கு இல்லை, பால்கனி இல்லை, நிறுத்தக் காரும் இல்லை. அவள் சொன்ன அத்தனையையும் ஒன்று விடாமல் உங்களிடம் சொல்லிவிட்டேன். என்னைவிட நீங்கள் பொருத்தமானவர்.

வெயில் பக்கமா, சுவர்ப்பக்கமா? இன்னும் அரைமணி நேரம் வெளிச்சம் இருக்கிறது. அவள் அவசரப்படவில்லை. ஏணியை நான் கெட்டியாகப் பிடித்திருக்கிறேன்.